சாட்டர்ன் கார்: வைத்திருந்தவர்கள் ஏன் இன்னும் அதன் பேச்சை விடுவதில்லை?

கேள்வி: வேலை மாறி ஒஹாயோவுக்கு வந்திருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் 1999 சாட்டர்ன் எஸ்எல்2 காரை விற்கப் போகிறார். அந்தக் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதர் நிறுத்துவதே இல்லை. அலுவலகத்தில் சொன்னால் சிரிக்கிறார்கள். இந்தக் கம்பெனியின் கதை என்ன? வைத்திருந்தவர்கள் உண்மையில் என்ன சொல்கிறார்கள்? மகன் ஓட்டிப் பழக வாங்கலாமா?

பதில்:

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதும் உண்மை, அலுவலகத்தில் சிரிப்பதற்கும் காரணம் இருக்கிறது. அவர் பேசுவது அந்தக் காரை வாங்கிய அன்று தன்னை எப்படி நடத்தினார்கள் என்பதைப் பற்றி. அவர்கள் பேசுவது காரைப் பற்றி, அதுவும் பெரும்பாலும் 2003க்குப் பிறகு வந்த சாட்டர்ன் கார்களைப் பற்றி. வாங்குகிறவரை மனிதராக மதித்ததால் வளர்ந்த பிராண்டு இது. மதிப்பு கொடுத்தால் போதும், புது கார் கொடுக்க வேண்டியதில்லை என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) நினைத்ததால் செத்தும் போனது. என் கணிப்பு இதுதான். இனி கதைக்கு வருகிறேன்.

1970களில் பெட்ரோல் விலை இரண்டு முறை எகிறியது. அமெரிக்கர்கள் சின்ன கார் தேட ஆரம்பித்தார்கள். டொயோட்டா, ஹோண்டாவிடம் நல்ல சின்ன கார் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸிடம் இருந்தது செவர்லே வேகா, அது துருப்பிடித்தே பேர் வாங்கிய வண்டி. 1982ல் ஜிஎம் உள்ளுக்குள் ஒரு திட்டம் தொடங்கியது: ஜப்பான்காரனுக்கு ஈடான சின்ன காரை அமெரிக்காவிலேயே, லாபத்தோடு செய்ய முடியுமா? நிலவுக்கு அமெரிக்கர்களைக் கொண்டுபோன சாட்டர்ன் ராக்கெட்டின் பேரையே திட்டத்துக்கு வைத்தார்கள். சோவியத்தை முந்திய ராக்கெட் அது; இங்கே முந்த வேண்டியது ஜப்பானை.

அப்போதைய தலைவர் ரோஜர் ஸ்மித் 1985 ஜனவரியில் சாட்டர்னைத் தனி நிறுவனமாகவே அறிவித்தார். தனி ஆலை, தனி டீலர்கள், தொழிற்சங்கத்தோடு தனி ஒப்பந்தம். ஆலை எங்கே வரும் என்பதில் மாநிலங்களுக்குள் பெரிய போட்டி; ஆளுநர்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரிசையாக உட்கார்ந்து எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று கேட்டார்கள். கடைசியில் டென்னசி மாநிலத்தின் ஸ்பிரிங் ஹில் ஜெயித்தது. அப்போது அங்கே ஆயிரம் சொச்சம் பேர்தான். அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரமான டெட்ராய்ட்டை விட்டு அவ்வளவு தூரம் போனதே ஒரு செய்தி: பழைய பழக்கங்கள் எதுவும் கூட வரக்கூடாது.

தொழிற்சங்க ஒப்பந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்கக் கார்த் தொழிலாளர்களின் சங்கமான யுஏடபிள்யூவின் துணைத் தலைவர் டொனால்ட் எஃப்லின் இந்தத் திட்டத்தை முழு மனதோடு ஆதரித்தார். மற்ற ஜிஎம் ஆலைகளின் ஒப்பந்தம் தடிமனான புத்தகம். சாட்டர்னுடையது சில பத்துப் பக்கம். நூற்றுக்கணக்கான வேலைப் பிரிவுகள் ஒரு கைக்குள் அடங்கின. ஒரு குழு தனக்கு வேண்டிய ஆளைத் தானே தேர்ந்தெடுத்தது. நிர்வாகி ஒருவர் இருந்தால் அவருக்கு இணையாகச் சங்கத்துக்காரர் ஒருவர். சம்பளத்தில் ஒரு பங்கு பயிற்சி, தரம், லாபம் இவற்றைப் பொறுத்தது. அமெரிக்கக் கார் தொழிலில் அதுவரை கேள்விப்படாத ஏற்பாடு இது.

முதல் கார் 1990 ஜூலை 30 அன்று ஆலையை விட்டு வந்தது. ஸ்மித் ஓட்டினார், சங்கத் தலைவர் ஓவன் பீபர் கூட உட்கார்ந்திருந்தார். அந்த வாரத்தோடு ஸ்மித் ஓய்வு பெற்றுப் போனார். கனவு கண்டவர் கிளம்பிவிட்டார், பிள்ளையை வளர்க்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். பின்னால் நடந்த பலவற்றுக்கு இதுவும் ஒரு காரணம்.

கார் எப்படி? எஸ்எல் என்ற செடான், எஸ்சி என்ற இரண்டு கதவு வண்டி, பிறகு எஸ்டபிள்யூ என்ற ஸ்டேஷன் வேகன். மூன்றுக்கும் 1.9 லிட்டர் அலுமினிய எஞ்சின்தான். அடிமட்ட எஸ்எல் 85 குதிரைத்திறன், விலை 7,995 டாலரில் ஆரம்பம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கும் எஸ்எல்2 வகையில் இரட்டை கேம் எஞ்சின், 124 குதிரைத்திறன்; அந்தக் காலத்துச் சின்ன காருக்கு அது நல்ல வேகம். உள்ளே எஃகுச் சட்டகம். கதவும் பக்கவாட்டுத் தகடுகளும் மட்டும் ஒருவகை பிளாஸ்டிக். ஷோரூமில் விற்பனையாளர் அந்தக் கதவைக் காலால் உதைத்துக் காட்டுவார். உள்ளே போன பள்ளம் தானாக வெளியே வந்துவிடும். கடைத்தெருவில் தள்ளுவண்டி இடித்தாலும் தடம் இருக்காது. வைத்திருந்தவர்கள் இன்றைக்கும் முதலில் சொல்வது இதைத்தான்.

சரி, ஆனால் சாட்டர்னை சாட்டர்ன் ஆக்கியது கதவு இல்லை, கடை. அமெரிக்காவில் கார் வாங்கியிருந்தால் உங்களுக்குத் தெரியும். ஒட்டியிருக்கும் விலை ஒன்று, சொல்லும் விலை ஒன்று. மேனேஜரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போவார், கால்மணி நேரம் கழித்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வருவார். வெளியே வரும்போது பக்கத்துக்காரன் இதைவிடக் குறைவாக வாங்கியிருப்பானோ என்ற உறுத்தல் மிச்சம். சாட்டர்னில் பேரமே கிடையாது. ஒட்டியிருந்த விலைதான் விலை, எல்லாருக்கும் அதேதான். பல கடைகளில் விற்பனையாளருக்குக் கமிஷன் இல்லை, சம்பளம். அதனால் யார் தலையிலும் எதையும் கட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், 1,500 மைலுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சாவி வாங்கும் நாளில் கடையில் இருக்கிற எல்லாரும், ஆயில் மாற்றுகிறவர் உட்பட, வந்து சுற்றி நின்று கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். கூச்ச சுபாவம் உள்ளவருக்குச் சங்கடம்தான். ஆனால் முதல் கார் வாங்கியவர்களுக்கு, முக்கியமாகத் தனியாகக் கார் வாங்கப் போன பெண்களுக்கு, அது மறக்காத நாளாக ஆகிவிட்டது. மற்ற ஷோரூம்களில் பெண் என்றால் விலையை ஏற்றிச் சொல்வது அந்தக் காலத்தில் ஊரறிந்த விஷயம்.

இரண்டு சம்பவங்கள் இந்தப் பேரை உறுதியாக்கின. 1991ல் 1,836 கார்களில் தவறாகக் கலந்த கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றப்பட்டுவிட்டது. அது எஞ்சினை உள்ளிருந்தே அரிக்கும். கூலன்ட்டை மாற்றி, எஞ்சினைக் கழுவி அனுப்பியிருக்கலாம். சாட்டர்ன் காரையே மாற்றிப் புதுக் கார் கொடுத்தது. இன்னொன்று இருக்கைக் குறைபாடு. அலாஸ்காவில் ஒரு உரிமையாளர் பக்கத்தில் டீலர் யாரும் இல்லாத இடத்தில் இருந்தார். புது இருக்கையோடு ஒரு ஆளையே அவர் ஊருக்கு அனுப்பி மாட்டிக் கொடுத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த ஹால் ரைனியின் விளம்பர நிறுவனம் அதையே விளம்பரமாக எடுத்தது. பழுதை விளம்பரமாக்க எத்தனை கம்பெனிக்குத் தைரியம் வரும்?

1992ல் ஜே.டி. பவர் என்ற கருத்தாய்வு நிறுவனத்தின் வாடிக்கையாளர் திருப்திப் பட்டியலில் சாட்டர்னுக்கு மூன்றாம் இடம். அதற்கு மேலே இருந்தவை லெக்சஸும் இன்ஃபினிட்டியும், இரண்டும் பல மடங்கு விலையுள்ள சொகுசுக் கார்கள். 1994 ஜூனில் உரிமையாளர்களை எல்லாம் ஆலைக்கே அழைத்தார்கள். 40,000க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் சாட்டர்ன் காரிலேயே, சிலர் நாட்டின் மறுகோடியிலிருந்து, டென்னசிக்கு வந்து சேர்ந்தார்கள். தன் காரைச் செய்த தொழிலாளியைப் பார்த்துக் கைகொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள், குலதெய்வம் கோவில் திருவிழாவுக்குப் போவது மாதிரி கார் ஆலைக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறார்கள். அந்த ஆண்டுதான் உச்சம்: சுமார் 2,86,000 கார்கள் விற்றன. அந்த எண்ணிக்கையை சாட்டர்ன் மறுபடி தொடவே இல்லை.

ஏன் தொடவில்லை? இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வரும். சாட்டர்ன் வாங்கியவர்களில் நிறையப் பேர் இருபது முப்பது வயதுக்காரர்கள். ஐந்தாறு வருடத்தில் கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது, பெரிய வண்டி வேண்டும். அதே கடைக்கு, அதே ஆளிடம், அடுத்த காரையும் இங்கேயே வாங்குகிறேன் என்று வருகிறார்கள். கடையில் இருப்பது அதே எஸ் வரிசை. 1990ல் வந்த வடிவமைப்பை, மேல் உடுப்பை மட்டும் மாற்றிக்கொண்டு 2002 வரை ஓட்டினார்கள். பன்னிரண்டு வருடம்! அந்த இடைவெளியில் ஹோண்டா சிவிக்கும் டொயோட்டா கொரோலாவும் பல முறை புதிதாகப் பிறந்துவிட்டன. ஹோண்டா சிஆர்-வி போன்ற சின்ன எஸ்யூவிகளும் அமெரிக்கச் சந்தைக்கு வந்துவிட்டன. சாட்டர்ன் குடும்பங்கள் கையசைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

ஜிஎம் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 1992ல் அந்த நிறுவனம் 2,300 கோடி டாலருக்கு மேல் நஷ்டக் கணக்கு காட்டியது. ஜிஎம்மின் மற்ற பிராண்டுகளான செவர்லேயும் ஓல்ட்ஸ்மொபைலும் புது மாடலுக்குப் பணம் கேட்டு நிற்கும்போது, கோடிக்கணக்கில் விழுங்கிய கடைக்குட்டிக்கு இன்னும் கொடுப்பதா என்று மற்ற பிரிவுகள் முறைத்தன. சாட்டர்ன் லாபம் கண்டது 1993ல் மட்டும் என்று சொல்லிவிடலாம். அதனால் மாற்றாந்தாய் கவனிப்பு. 1999ல் ஒருவழியாக எல் வரிசை என்று ஒரு பெரிய கார் வந்தது. அது ஜிஎம்மின் ஐரோப்பியக் காரான ஓப்பல் வெக்ட்ராவின் சாயல், செய்ததும் ஸ்பிரிங் ஹில்லில் இல்லை, டெலவேரில். ஓட்டியவர்கள் குறையொன்றும் பெரிதாகச் சொல்லவில்லை, நினைவிலும் வைத்துக்கொள்ளவில்லை. சங்கத்தோடு போட்ட ஒப்பந்தமும் தேய்ந்துபோய், 2003 இறுதியில் ஸ்பிரிங் ஹில் தொழிலாளர்களே வாக்கெடுத்து மற்ற ஆலைகளின் வழக்கமான ஒப்பந்தத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

எஸ் வரிசைக்கு மாற்றாக வந்தது ஐயான். உங்கள் அலுவலகத்தார் சிரிப்பது இதை நினைத்துத்தான் இருக்கும். மீட்டர்களை ஸ்டியரிங்குக்கு எதிரே வைக்காமல் டேஷ்போர்டின் நடுவில் வைத்தார்கள். உள்ளே எதைத் தொட்டாலும் மட்டமான பிளாஸ்டிக். சில ஐயான் கார்களிலும், வ்யூ என்ற சாட்டர்ன் எஸ்யூவியிலும் வந்த விடிஐ என்ற சிவிடி (படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும்) கியர்பாக்ஸ் சீக்கிரமே கையை விரித்தது. ஜிஎம் அதைக் கைவிட்டு, வாரண்டியை 75,000 மைல் வரை நீட்டியது. அதைவிட மோசமானது இக்னிஷன் சுவிட்ச். சாவிக்கொத்தின் கனத்தில், அல்லது ஒரு குலுக்கலில், சுவிட்ச் தானாகத் திரும்பி எஞ்சின் நின்றுவிடும். ஏர்பேக்கும் வேலை செய்யாது. ஐயானைச் சோதித்த 2001லேயே ஜிஎம்முக்கு அறிகுறி தெரிந்திருக்கிறது. திரும்ப அழைத்தது 2014ல், ஐயான், செவர்லே கோபால்ட் முதலிய 26 லட்சம் கார்களை. 124 பேரின் சாவுக்கு இந்தக் கோளாறின் பேரில் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. கூலன்ட்டுக்காகக் காரையே மாற்றிக் கொடுத்த அதே பேரில் இது நடந்தது என்பதுதான் பழைய உரிமையாளர்களை அதிகம் சுட்டது.

கடைசியில் நல்ல கார்களும் வந்தன, நேரம்தான் கடந்திருந்தது. 2007 மாடல் ஆரா, வட அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த கார் என்ற விருது வாங்கியது. ஸ்கை என்ற இரண்டு இருக்கை வண்டி இன்றைக்கும் பார்த்தால் திரும்பிப் பார்க்க வைக்கும். ஆனால் ஸ்பிரிங் ஹில்லில் சாட்டர்ன் தயாரிப்பு அதே 2007ல் நின்றது. 2009 ஜூனில் ஜிஎம் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. கார்ப் பந்தயக் குழுக்களும் கார் விற்கும் கடைகளும் நடத்தும் ரோஜர் பென்ஸ்கி சாட்டர்னை வாங்க முன்வந்தார். அவருக்கு ஆலை கிடையாது. ஜிஎம் கொஞ்ச காலம் கார் தரும், பிறகு பிரான்ஸின் ரெனோ கம்பெனி தரும் என்பது திட்டம். ரெனோவின் இயக்குநர் குழு மறுத்துவிட்டது. செப்டம்பர் 30 அன்று பென்ஸ்கி விலகினார், அன்றே முடிவு எழுதப்பட்டுவிட்டது. 2010 அக்டோபரோடு கடைகள் மூடின. ஸ்பிரிங் ஹில் ஆலை இப்போதும் இருக்கிறது, கேடிலாக் செய்கிறது.

இனி எஸ் வரிசையை வைத்திருந்தவர்கள் சொல்வது. பாராட்டு நான்கைந்து விஷயத்தில் திரும்பத் திரும்ப வரும்: மைலேஜ், துருப்பிடிக்காத கதவு, மலிவான உதிரிபாகம், வீட்டு வாசலிலேயே பிரித்து மாட்டக்கூடிய எளிமை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு வெளியே திருகிக் கழற்றும் ஃபில்டர் வைத்திருக்கிறார்கள், ஆயில் ஃபில்டர் மாதிரியே. அதைப் பார்த்த மெக்கானிக்குகள் அந்தப் பொறியாளரை வாழ்த்துவார்கள். எஞ்சினின் டைமிங்குக்கு அவ்வப்போது மாற்ற வேண்டிய பெல்ட் கிடையாது, செயின். வசை என்றால் சத்தம்: எஞ்சின் வேகம் ஏறினால் உள்ளே பேச முடியாது. பிளாஸ்டிக் வெயிலில் விரியும் என்பதால் தகடுகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டிருப்பார்கள், அதுவும் பார்க்கச் சகிக்காது.

பெரிய வசை ஆயில் குடிப்பது. பிஸ்டனின் கீழ் ரிங் சிலிண்டர் சுவரில் ஒட்டும் ஆயிலை வழித்து இறக்க வேண்டும். வழித்த ஆயில் திரும்பக் கீழே போக பிஸ்டனில் துளைகள் இருப்பது வழக்கம். இந்த 1.9 லிட்டர் எஞ்சினில் அந்த வழி சரியாக இல்லை. தேங்கிய ஆயில் சூட்டில் கரியாகிறது, ரிங் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்கிறது, அதற்குப் பிறகு ஆயில் மேலே ஏறி எரிகிறது. ஆயிரம் மைலுக்கு ஒரு குவார்ட் (ஏறக்குறைய ஒரு லிட்டர்) குடிப்பது சாதாரணம். கசிவு இல்லாததால் தரையில் சொட்டாது, ஆளுக்குத் தெரியாது. பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து ஊற்றியவர்கள் இரண்டு லட்சம் மைலைச் சாதாரணமாகத் தாண்டியிருக்கிறார்கள். மூவாயிரம் மைல் கழித்து மூடியைத் திறந்தவர்களின் எஞ்சின் ஜாமாகி, வண்டி அடிமாட்டு விலைக்குப் போனது. ஒரே காரைப் பற்றி இரண்டு எதிரெதிர் அபிப்பிராயம் வர இந்த ஒரு பழக்கம் போதும்.

அப்புறம் கூலன்ட் வெப்ப சென்சார். அதன் பிளாஸ்டிக் முனை விரிசல் விடும், கூலன்ட் மின் இணைப்புக்குள் போகும், எஞ்சின் எவ்வளவு சூடு என்று கணினிக்கே தெரியாது. பித்தளை முனை உள்ள சென்சார் சில டாலர்தான், மாற்றப் பத்து நிமிடம். ஆட்டோமேட்டிக் என்றால் ரிவர்ஸ் போடும்போது தடால் என்று அடிக்கும். கியர்பாக்ஸுக்கு உள்ளே கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடி தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யும் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும்.

மகனுக்கு வாங்கலாமா என்று கேட்டீர்கள். கல்லூரிக்கும் கடைக்கும் உள்ளூரில் ஓட்ட, கையில் மிச்சமிருக்கும் காசுக்கு, வாங்கலாம். தினமும் நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் போவதென்றால் வேண்டாம். இன்றைய கார்களின் மோதல் பாதுகாப்பு இதில் இல்லை, பையன் ஓட்டும்போது அது முக்கியம். பார்க்கப் போகும்போது பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லி, எஞ்சின் ஆறிக் கிடக்கும் காலை நேரத்தில் போங்கள். முதலில் டிப்ஸ்டிக். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பின்னால் நின்று நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். சூடானதும் ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். கடைசியாகக் குனிந்து அடியில் பாருங்கள். கதவு துருப்பிடிக்காது என்பதை நம்பி இதை விட்டுவிடுவார்கள். ஆனால் பானெட், கூரை, டிக்கி மூடி, கீழே உள்ள சட்டகம், பிரேக் குழாய் எல்லாம் எஃகு. ஒஹாயோவில் பனிக்காலத்துக்குக் கொட்டும் உப்பு அவற்றைத்தான் தின்னும். ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்த்து சட்டகம் பொலபொலவென்று உதிர்ந்தால், பெரியவரின் கதையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். அடிப்பக்கம் கெட்டியாக இருந்து, மேனுவல் கியராகவும் இருந்தால், அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கியில் எப்போதும் இரண்டு குவார்ட் ஆயில் கிடக்கட்டும்.